இரவில் மூன்று நான்கு தடவை எழும்புகிறீர்களா, ஐயா?



இந்த முறை நமது உடல்நலப் பகுதியில், பலரும் வாய் திறந்து பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வரும் நீர் போகும் தொல்லைதான் அது. பெண்களும் இதைப் படிக்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

இப்படி ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு பிள்ளைகளோடு பண்டமாரானுக்கு வந்துவிட்டார். வயது 67. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக பஸ் ஏறுகிறார். இரண்டு நாளாகச் சளி. மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். வழியெல்லாம் நெரிசல். நீர் வருகிறது, ஆனால் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம். அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். கோயிலில் இறங்கிக் கழிவறைக்குப் போனால் ஒரு சொட்டும் வரவில்லை!

வீடு திரும்பியதும் "உடம்பு சூடு, அதான் அடைச்சிக்கிச்சு" என்று பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுக்கிறார்கள். வேதனை கூடுகிறது. நடுச்சாமத்தில் அடிவயிறு கல் மாதிரி வீங்கிவிடுகிறது. கடைசியில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு மெல்லிய குழாய் விட்டு நீரை வெளியேற்றுகிறார்கள். ஒரு லிட்டருக்கும் மேல்! அப்புறம்தான் பெரியவர் மெதுவாகச் சொல்கிறார்: "மூணு வருஷமாவே எனக்கு ஒழுங்கா போறதில்ல. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு சும்மா இருந்துட்டேன்."

இது கற்பனைப் பெரியவர்தான். ஆனால் இவர் கதை ஊருக்கு ஊர் நடப்பது. அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போயிருந்தால், இந்த ராத்திரியைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். நாம் சொல்ல வந்தது இதுதான்.

புரோஸ்டேட் என்பது என்ன?

ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிறிய சுரப்பி இது. நீர் சேரும் பைக்குக் கீழே இருக்கிறது. இளவயதில் ஏறக்குறைய ஒரு டுக்கு பழம் அளவு. எடை 20 கிராம் போல. விந்தோடு சேரும் ஒரு திரவத்தைச் சுரப்பது இதன் வேலை.

தொல்லை எங்கே வருகிறது என்றால், சிறுநீர் வெளியே போகும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து வருகிறது. மணிக்குள்ளே நூல் போவது போல. ஆண்களுக்கு நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் இந்தச் சுரப்பி மெல்ல மெல்லப் பெருக்கத் தொடங்கும். ஆண்மைச் சுரப்பு நீரும் வயதும் சேர்ந்து செய்யும் வேலை அது. அறுபது வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வீக்கம் இருக்கும். எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. சிலருக்குச் சுரப்பி பெரிதாக இருந்தும் நீர் நன்றாகப் போகும். வேறு சிலருக்குச் சிறிய வீக்கமே குழாயை நெருக்கிவிடும். எவ்வளவு பெருத்தது என்பதைவிட எந்த இடத்தில் நெருக்குகிறது என்பதே முக்கியம்.

லயத்து வாசலில் ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீர் பிடித்திருப்பீர்கள். யாராவது குழாயை மிதித்தால் என்ன ஆகும்? தண்ணீர் மெல்லிசாக வரும், நின்று நின்று வரும். உடம்பிலும் அதேதான். குழாய் நெருக்கப்பட்டதும் நீர்ப்பை கூடுதல் பலம் போட்டுத் தள்ளுகிறது. வருஷக் கணக்கில் தள்ளித் தள்ளி அதன் சதை தடித்து முரடாகிவிடும். அதனால்தான் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே "இப்பவே போவணும்" என்று அவசரப்படுத்துகிறது. இன்னும் நாளானால் பை சோர்ந்துபோய், முழுதும் காலியாகாமல் நீர் தங்க ஆரம்பிக்கும்.

உங்களுக்கு இருக்கிறதா? ஏழு கேள்விகள்

டாக்டர்கள் உலகம் முழுவதும் ஒரே மாதிரி ஏழு கேள்விகள் கேட்கிறார்கள். கடந்த ஒரு மாதத்தை நினைத்து நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்.

1. நீர் போன பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போல் தோன்றுகிறதா?
2. போய் வந்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் போக வேண்டியிருக்கிறதா?
3. நின்று நின்று வருகிறதா?
4. வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா?
5. வேகம் குறைந்து மெல்லிசாக வருகிறதா?
6. தொடங்குவதற்கு முக்கித் தள்ள வேண்டியிருக்கிறதா?
7. இரவில் தூங்கிய பிறகு எத்தனை தடவை எழும்புகிறீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை" என்றால் 0, "எப்போதுமே" என்றால் 5. ஏழாவது கேள்விக்கு எழும்பும் தடவையே எண். 5-க்கு மேல் போனாலும் 5 தான். மொத்தம் 35. கூட்டிப் பார்த்து 7 வரை என்றால் லேசான தொல்லை. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-க்கு மேல் கடுமை. 8-ஐத் தாண்டினால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். எண் குறைவாக இருந்தாலும், தொல்லை உங்களை வாட்டினால் போகத் தடை ஒன்றுமில்லை. சிறுநீரில் ரத்தம் கண்டால், எந்த வயதானாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தள்ளிப் போடாமல் போங்கள்.

நம்மிடையே உள்ள தவறான எண்ணங்கள்

"இது உடம்புச் சூடு." இல்லை. இளநீர் நல்ல பானம்தான். ஆனால் நெருங்கிய குழாயை அது திறக்காது. முழுதும் அடைத்த பிறகு குடித்தால், போக வழியில்லாத பையில் இன்னும் நீர் சேரும். வேதனைதான் கூடும்.

"இது புற்றுநோய்." பயப்பட வேண்டாம். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல; புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் அதே சுரப்பியில் தனியாகப் புற்றுநோயும் வரலாம். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். எது என்று நாமே முடிவு கட்ட முடியாது. அதற்காகத்தான் பரிசோதனை.

"வாலிபத்தில் செய்த தப்புக்குத் தண்டனை." இந்தப் பேச்சால்தான் பல பேர் மறைக்கிறார்கள். ஒழுக்கத்துக்கும் இந்த வீக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. தலைமுடி நரைப்பது போல இதுவும் வயதோடு வருவது. பிரான்ஸ் நாட்டு அதிபர் டி கோல் 1964 ஏப்ரலில், தமது 73-ஆம் வயதில், பாரிசில் புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மறுபடியும் பதவிக் கடமைக்குத் திரும்பினார். அமெரிக்க அதிபர் ரீகனுக்கு 1987 ஜனவரியில், 75 வயதில், அதே சுரப்பிக்காகச் சிகிச்சை நடந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

"எனக்கு இனிப்பு நீர்தான், அதான் அடிக்கடி போகுது." இருக்கலாம். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நமது சமூகத்தில் அது இன்னும் அதிகம். நீரிழிவில் நீர் அதிகமாக, தாராளமாகப் போகும். புரோஸ்டேட் வீக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, கஷ்டப்பட்டுப் போகும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதால் சர்க்கரையையும் சேர்த்துச் சோதிப்பதே சரி.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்!

வெளிக்காட்டில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு இது. நிரையில் நின்று குலை வெட்டும்போது அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது. தண்டல் என்ன நினைப்பாரோ என்று கூச்சம். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வெயிலில் அது ஆபத்து. மயக்கம் வரும், சிறுநீர் கெட்டியாகிக் கடுக்கும், கிருமி தொற்றும், கல் சேரும்.

செய்ய வேண்டியது வேறு. பகலில் தேவையான அளவு குடியுங்கள். சாயங்காலத்துக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு தேத்தண்ணி, காப்பி, பீர் எதுவும் வேண்டாம். படுக்கப் போகும் முன் ஒரு தடவை போய் வாருங்கள். நீர் போன பிறகு அவசரப்படாமல் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஒரு முறை முயன்றால் மிச்சம் இருப்பதும் வந்துவிடும். மலச்சிக்கல் இருந்தால் அதுவும் நெருக்கும். கீரை, பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தூக்கக் கலக்கத்தில் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், அது இந்த வியாதியைவிடப் பெரிய துன்பம்.

ஒரே இரவில் அடைத்துக்கொள்வது எப்படி?

பாதி நெருங்கிய குழாய் முழுதும் மூடிக்கொள்ள ஒரு சிறு காரணம் போதும். நீரை வெகுநேரம் அடக்கி வைப்பது ஒன்று. மது அதிகமாகக் குடிப்பது இன்னொன்று. மூன்றாவது, பலருக்குத் தெரியாதது, சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள் நீர்ப்பையின் வாயை இறுக்குகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் போடும், தூக்கம் வர வைக்கும் சில மாத்திரைகள் பை சுருங்கித் தள்ளும் பலத்தைக் குறைக்கின்றன. ஆகவே மருந்துக்கடையில் சளிக்கு மாத்திரை கேட்கும்போதே, "எனக்கு நீர் போறதுல தொல்லை இருக்கு, இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

நீர் முட்டி நிற்கிறது, வலிக்கிறது, ஆனால் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அருகில் உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 999-க்குப் போன் செய்யுங்கள். குழாய் விட்டதும் சில நிமிஷத்தில் உயிர் வந்தது போல் இருக்கும்.

வலி இல்லாமலும் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்கு மாதக் கணக்கில் பை நிறைந்தபடியே இருக்கும். நீர் மேலே தேங்கி, சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் கெடும். கால் வீக்கம், பசியின்மை, களைப்பு என்று வரும்போது காலம் கடந்திருக்கலாம். தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கை நனைந்தால், "வயசான கோளாறு" என்று கழுவிப் போட்டுவிடாதீர்கள். நிரம்பி வழியும் பையின் அடையாளமாக அது இருக்கலாம்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்?

பண்டமாரானில் இருப்பவர்களுக்கு அங்கேயே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்டுக்கு மேல் இல்லை. தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட மருந்தகத்தில் முதலில் சொல்லி, டாக்டருக்குக் கடிதம் கேளுங்கள்.

சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிப்பார்கள். சர்க்கரை, கிருமி, சிறுநீரகத்தின் நிலை எல்லாம் அதில் தெரியும். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் டாக்டர் பேசலாம். அந்த எண் கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை; சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும்கூட அது ஏறும். வயிற்றில் ஸ்கேன் வைத்து, போன பிறகு எவ்வளவு நீர் மிச்சம் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள்.

இன்னொன்று, கையுறை போட்ட விரலால் ஆசனவாய் வழியாகச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது. இதற்குப் பயந்துதான் பல பெரியவர்கள் வரிசையிலிருந்தே எழுந்து போய்விடுகிறார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். சாதாரண வீக்கம் என்றால் சுரப்பி மழுமழுவென்று இருக்கும். கல் போல் கடினமாகவோ முடிச்சாகவோ தட்டுப்பட்டால் மேலும் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சிகிச்சை மூன்று படி

தொல்லை லேசாக இருந்தால் மருந்தே வேண்டாம். மேலே சொன்ன பழக்கங்களோடு, டாக்டர் சொல்லும் நாளில் திரும்பிப் போய்க் காட்டினால் போதும்.

இரண்டாவது படி மாத்திரை. ஒரு வகை, குழாயைச் சுற்றியுள்ள சதையைத் தளர்த்துவது. டெராசோசின், டாம்சுலோசின், அல்ஃபுசோசின் போன்றவை இந்த வகை. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பலன் தெரியும். ஆனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். மெதுவாக உட்கார்ந்து, பிறகு எழும்புங்கள். ஏணி ஏறுகிறவர்களும் அரிவாள் பிடிக்கிறவர்களும் முதல் சில நாள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண்ணில் புரை எடுக்கப் போகிறீர்கள் என்றால், இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆண்மைக்கு ஏதாவது மாத்திரை எடுப்பவர்கள் அதையும் மறைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென இறங்கும்.

இன்னொரு வகை, சுரப்பியையே சுருக்குவது. ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு என்பவை. பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பமாக உள்ள மகளோ மருமகளோ உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கலாம்.

மூன்றாவது படி அறுவைச் சிகிச்சை. மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்கும், திரும்பத் திரும்ப அடைப்பவர்களுக்கும், கல், கிருமி, சிறுநீரகப் பாதிப்பு வந்தவர்களுக்கும் இது தேவைப்படும். பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்து, சிறுநீர்க் குழாய் வழியாகவே ஒரு கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடுத்த சில நாள் குழாய் இருக்கும். சில வாரம் சிறுநீரில் லேசாக ரத்தம் தெரியலாம். நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. குலை ஏற்றுவது, தள்ளுவண்டி தள்ளுவது எல்லாம் அதற்கப்புறம்தான். "ஆண்மை போயிடுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலோருக்கு அந்தச் சக்தி முன்போலவே இருக்கும். விந்து மட்டும் வெளியே வராமல் பைக்குள் போய்ப் பிறகு சிறுநீரோடு கலந்து போகலாம். அதனால் உடம்புக்குக் கெடுதி இல்லை.

டப்பா மருந்துகள்

பாசார் மாலாமிலும் போனிலும் "ஏழே நாளில் புரோஸ்டேட் குணம்" என்று விற்கிறார்கள். பலர் நம்பி வாங்கும் சா பால்மெட்டோ என்னும் பனை வகைப் பழச் சாரத்தை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 2006-இலும் 2011-இலும் வெளியான ஆய்வுகளில் அது வெறும் பொய் மாத்திரையைவிட அதிக நன்மை தரவில்லை. ஆண்மைச் சக்தி என்று விற்கும் சில காப்பிகளிலும் மூலிகைகளிலும் ரகசியமாக ஆங்கில மருந்து கலந்திருப்பதை நமது சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்திருக்கிறது. இருதய வியாதிக்காரருக்கு அது உயிர் ஆபத்து. எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் அது.

சம்பளம் போய்விடுமே என்றால்

"ஆஸ்பத்திரிக்குப் போனா பேர் போடாம விட்டுடுவாங்க" என்ற பயம் வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உங்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவை என்றால் வருஷத்துக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாளைச் சாதாரண நோய் விடுப்பிலிருந்து கழிக்கக் கூடாது. டாக்டரின் சான்றிதழ் வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். மறுத்தால் உங்கள் சங்கக் கிளைக்கு வந்து சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டுக்காரர் இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், கழிவறையில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது டாக்டருக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரியும். அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். "என்னங்க, நாலு தடவை எழும்புறீங்களே, வாங்க கிளினிக்குக்கு, நானும் கூட வாறேன்" என்று சொன்னால் போதும். மகன்களும் அப்பாவிடம் கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பெரட்டுக்கு நேரம் தவறாமல் எழும்பிய பெரியவர்களே! ஆயுசு முழுக்க மற்றவர்களுக்காக எழும்பினீர்கள். நாளைக் காலை உங்களுக்காக எழும்பி, கிளினிக் வரிசையில் ஒரு நம்பர் எடுங்கள். நீர் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.